ரேடியாலஜிக்கு முந்தைய ஓராண்டு: டிரான்சிஷனல் இயர் பயிற்சியை எப்படி அமைத்துக்கொள்வது?

கேள்வி: வணக்கம் டாக்டர். தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்து, சி.ஆர்.ஆர்.ஐ. என்ற கட்டாயச் சுழற்சிப் பயிற்சியையும் முடித்திருக்கிறேன். மருத்துவர்களின் விருப்பப் பட்டியலையும் மருத்துவமனைகளின் விருப்பப் பட்டியலையும் பொருத்தி இடம் ஒதுக்கும் மேட்ச்சில், கடந்த மார்ச்சில் அமெரிக்காவில் ரேடியாலஜி (எக்ஸ்-ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயறியும் துறை) இடம் கிடைத்தது. அது பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சியின் இரண்டாம் ஆண்டிலிருந்து தொடங்குவதால், முதல் ஆண்டுக்கு வேறொரு மாநிலத்தில் நடுத்தர அளவுள்ள ஒரு மருத்துவமனையில், பல துறைகளில் சுற்றிவரும் டிரான்சிஷனல் இயர் இடத்தையும் பெற்றிருக்கிறேன். ஜே-1 என்ற பரிமாற்றப் பயிற்சி விசாவில் வரப்போகிறேன். ஏற்கெனவே ஓராண்டு எல்லாத் துறைகளிலும் சுற்றி வந்துவிட்ட நான் அதையே மறுபடியும் செய்வது வீண்தானே? எந்தெந்தத் துறையில் எப்போது பணி என்ற சுழற்சிகளுக்கான விருப்பப் படிவத்தை மருத்துவமனை அனுப்பியிருக்கிறது. எளிதான துறைகளாகவும் ரேடியாலஜியாகவும் பார்த்து நிரப்பிவிடு என்று சீனியர்கள் சொல்கிறார்கள். எப்படி நிரப்புவது? இரவுப் பணியைத் தனியாகச் சமாளிக்க முடியுமா என்ற பயமும் இருக்கிறது. அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் கடைசிக் கட்டமான ஸ்டெப் 3 தேர்வை எப்போது எழுதலாம்?

பதில்: அன்புள்ள டாக்டர், வாழ்த்துகள். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கு ரேடியாலஜியும் டிரான்சிஷனல் இயரும் எளிதில் கிடைப்பவை அல்ல. இரண்டையும் ஒரே ஆண்டில் பெற்றிருக்கிறீர்கள். ஆகவே இந்த ஆண்டை எப்படியாவது கடந்துவிட வேண்டிய ஒன்றாக எண்ணாமல், ரேடியாலஜிப் பயிற்சியின் முதல் ஆண்டாகவே எண்ணித் திட்டமிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. நான் அமெரிக்காவில் பொது மருத்துவத் துறையில், உங்களைப் போன்ற முதலாண்டு ரெசிடென்டுகளுடன் (பயிற்சி மருத்துவர்களுடன்) வார்டில் பணியாற்றுபவன். அந்த இடத்திலிருந்து பார்த்தவற்றை வைத்தே எழுதுகிறேன்.

இந்த ஓராண்டு ஏன் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் பல பத்தாண்டுகளாக, நம்முடைய சி.ஆர்.ஆர்.ஐ.யைப் போலவே, துறைதுறையாகச் சுற்றிவரும் இன்டர்ன்ஷிப்பை முடித்த பிறகே சிறப்புத் துறைக்குப் போனார்கள். எந்த ரெசிடென்சியோடும் சேராமல் தனித்து நின்ற அந்த இன்டர்ன்ஷிப் 1970களின் நடுப்பகுதியில் முடிவுக்கு வந்தது. ஆனால் ரேடியாலஜி, தோல் மருத்துவம், மயக்கவியல், கதிர்வீச்சுப் புற்றுநோய் சிகிச்சை, உடலியக்க மறுவாழ்வு மருத்துவம் ஆகிய துறைகளுக்கு வருபவர்களுக்கு, சிறப்புப் பயிற்சிக்கு முன்னால் ஓராண்டு பொதுவான நோயாளிப் பணி தேவை என்ற கருத்து மாறவில்லை. அந்தத் தேவையை நிறைவேற்றும் வழிகளில் ஒன்றாக டிரான்சிஷனல் இயர் இருக்கிறது. பொது மருத்துவத்திலோ பொது அறுவையிலோ ஓராண்டு முழுவதும் இருக்கும் பிரிலிமினரி இயர் மற்றொரு வழி. பயிற்சித் திட்டங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் ஏ.சி.ஜி.எம்.இ.யின் விதிகளின்படி, டிரான்சிஷனல் இயரில் ஏறத்தாழ பாதிக் காலம் பொது மருத்துவம், அறுவை, குழந்தை மருத்துவம், மகப்பேறு, குடும்ப மருத்துவம், அவசர சிகிச்சை போன்ற அடிப்படைத் துறைகளில் கழிய வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவும் புறநோயாளர் பணியும் கட்டாயம், விருப்பச் சுழற்சிகளுக்கு இரண்டு மாதங்களாவது ஒதுக்க வேண்டும். எஞ்சிய காலத்தை ஒவ்வொரு மருத்துவமனையும் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்கிறது. இதனால் ஓரிடத்தில் பொது மருத்துவ வார்டு ஆறு மாதம் நீளும், இன்னோரிடத்தில் மூன்று மாதத்தில் முடிந்துவிடும். படிவத்தை நிரப்புவதற்கு முன், சென்ற ஆண்டு இருந்தவர்களின் சுழற்சி அட்டவணையை ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இன்னும் மேட்ச்சுக்குப் போகாத வாசகர்களுக்கு இடையில் ஒரு சொல். இரண்டாம் ஆண்டிலிருந்து தொடங்கும் இடங்களை முதன்மைப் பட்டியலில் வரிசைப்படுத்தும்போது, ஒவ்வொன்றோடும் முதலாண்டு இடங்களுக்கான துணைப் பட்டியலையும் இணைக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் ரேடியாலஜி கிடைத்தும் முதல் ஆண்டுக்கு இடமில்லாமல் போகக்கூடும். நரம்பியலுக்குப் போகிறவர்கள் பொது மருத்துவத்தில் குறிப்பிட்ட மாதங்கள் பணியாற்றியிருக்க வேண்டும். எல்லா டிரான்சிஷனல் இயரும் அந்தக் கணக்கை நிறைவு செய்யாது என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். சி.ஆர்.ஆர்.ஐ.யில் நீங்கள் செய்த வேலையை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. லேபர் வார்டிலும் கேசுவால்ட்டியிலும் நீங்கள் பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கையை இங்கே படித்தவர்களில் பலர் பல ஆண்டுகளிலும் பார்த்திருக்க மாட்டார்கள். ஊசி போடுவது, தையல் போடுவது, ரத்தம் எடுப்பது ஆகியவற்றில் உங்கள் கை அவர்களுடையதைவிடப் பழகியிருக்கும். ஆனால் இங்கே இன்டர்னிடம், அதாவது முதலாண்டு ரெசிடென்டிடம், எதிர்பார்க்கப்படுவது வேறு. ரத்தம் எடுப்பதற்குத் தனி ஊழியர் இருக்கிறார், ரத்த நாளத்தில் ஊசி ஏற்றுவதைச் செவிலியர் பார்த்துக்கொள்கிறார். நீங்கள் செய்ய வேண்டியது முடிவெடுப்பதும், அதைக் கணினியில் ஆணையாகப் பதிவதும், ஏன் அந்த முடிவை எடுத்தீர்கள் என்று எழுதுவதும், அதன் விளைவைத் தொடர்ந்து கவனிப்பதும்தான். நம் ஊரில் யூனிட் சீஃபும் பி.ஜி.யும் எடுத்த முடிவைச் சி.ஆர்.ஆர்.ஐ. நிறைவேற்றுவார். இங்கே காலை ரவுண்ட்ஸில் முதலில் உங்கள் திட்டத்தைத்தான் கேட்பார்கள். அதன் பிறகே அட்டெண்டிங் (பொறுப்பு மூத்த மருத்துவர்) திருத்துவார் அல்லது ஏற்பார்.

பொது மருத்துவ ரெசிடென்சி விதிகளின்படி ஓர் இன்டர்னின் தொடர் பொறுப்பில் ஒரே நேரத்தில் 10 நோயாளிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு வார்டு நிறைய நோயாளிகளைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு இது மிகக் குறைவாகத் தோன்றும். முதல் வாரத்தில் நான்கைந்து பேருக்கே மாலை ஏழு மணியாகிவிட்டது என்று தமிழ்நாட்டிலிருந்து வந்த மருத்துவர்கள் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் வீட்டில் சாப்பிடும் பதினைந்து மாத்திரைகளைச் சரிபார்த்து எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று முடிவு செய்ய வேண்டும். இதயம் நின்றால் உயிர்ப்பிக்கும் முயற்சி வேண்டுமா என்று அவரிடமே கேட்டுப் பதிய வேண்டும். ஆங்கிலம் தெரியாதவராக இருந்தால், கூட வந்த மகனையோ மகளையோ மொழிபெயர்க்கச் சொல்லாமல் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். குணமானாலும் வீட்டில் தனியாக இருப்பவரை எங்கே அனுப்புவது, காப்பீடு எதை ஏற்கும் என்று கேஸ் மேனேஜரோடு பேச வேண்டும். இவையெல்லாம் சி.ஆர்.ஆர்.ஐ. கற்றுத் தராதவை. ரேடியாலஜிக்குப் போன பிறகு இவற்றைக் கற்க வாய்ப்பும் வராது.

இரவுப் பணி குறித்த உங்கள் பயத்தைப் புரிந்துகொள்கிறேன். விதிகள் எவை என்று தெரிந்துகொண்டால் அதில் ஒரு பகுதியாவது குறையும். 1984இல் நியூயார்க்கில் லிப்பி சயான் என்ற பதினெட்டு வயதுப் பெண் மருத்துவமனையில் இறந்ததைத் தொடர்ந்து, ரெசிடென்டுகளின் பணிநேரமும் மேற்பார்வையும் பொது விவாதமாயின. அந்த மாநிலம் 1989இல் பணிநேர வரம்பு கொண்டுவந்தது. நாடு முழுவதற்குமான வரம்பு 2003இல் வந்தது. வாரத்துக்கு 80 மணிநேரம், வாரத்துக்கு ஒரு நாள் முழு ஓய்வு என்ற இரண்டும் நான்கு வாரச் சராசரியாகக் கணக்கிடப்படுகின்றன. தொடர்ந்து 24 மணிநேரத்துக்கு மேல் நோயாளிப் பணியில் இருக்கக் கூடாது, பொறுப்பை ஒப்படைக்கவும் கற்றலுக்கும் மட்டும் மேலும் நான்கு மணிநேரம் வரை இருக்கலாம். 24 மணிநேரப் பணி முடிந்தால் அடுத்த 14 மணிநேரம் உங்களுடையது. வீட்டில் உட்கார்ந்து முடிக்கும் நோயாளிக் குறிப்புகளும் பணிநேரக் கணக்கில் சேரும். அவற்றை மறைக்காமல் பதிவு செய்யுங்கள்.

விதிகளைவிட முக்கியமானது மேற்பார்வை. எந்தெந்த நிலைகளில் இன்டர்ன் தன் மேலுள்ளவரைக் கட்டாயம் அழைக்க வேண்டும் என்று ஒவ்வொரு பயிற்சித் திட்டமும் எழுதி வைத்திருக்க வேண்டும். நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றுவது, உயிர்ப்பிக்கும் முயற்சி குறித்த முடிவு மாறுவது போன்றவை பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும். பணியில் சேரும் வாரத்திலேயே அதைக் கேட்டு வாங்குங்கள். நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு நள்ளிரவில் சீனியரை எழுப்புவதில் ஆழ்ந்த தயக்கம் உண்டு, எழுப்பியவர் மறுநாள் திட்டு வாங்கியதைப் பார்த்த தயக்கம் அது. அதை விமானத்தில் ஏறும் முன்பே விட்டுவிடுங்கள். இங்கே அழைக்காமல் இருந்ததற்குத்தான் மறுநாள் காலை கேள்வி வரும். அதேபோல, செவிலியர் ஒருவர் உங்களைத் தாண்டி விரைவு உதவிக் குழுவை அழைத்தால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு அந்த உரிமை உண்டு. நோயாளியின் நிலை சரியில்லை என்று அவர் சொன்னால், தொலைபேசியிலேயே பதில் சொல்லிவிடாமல் எழுந்து போய்ப் பாருங்கள். முதல் ஆறு மாதங்களுக்கு இதை மாறாத வழக்கமாக வைத்துக்கொள்ளும்படி என் இன்டர்ன்களிடம் சொல்வேன்.

மாலையில் பொறுப்பை ஒப்படைப்பதிலும் பெறுவதிலும் உங்கள் முழுக் கவனம் இருக்கட்டும். ஐ-பாஸ் என்று ஒரு முறை பல மருத்துவமனைகளில் இருக்கிறது. நோயின் தீவிரம், நோயாளியின் சுருக்கம், செய்ய வேண்டியவை, இரவில் எது நடந்தால் என்ன செய்வது என்ற முன்யோசனை, கேட்டுக்கொண்டவர் தன் சொற்களில் திருப்பிச் சொல்வது என்ற வரிசை அதில் பின்பற்றப்படும். ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தை மருத்துவப் பிரிவுகளில் இதை நடைமுறைப்படுத்தியபோது மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடும், தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 விழுக்காடும் குறைந்ததாக 2014இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இரவில் தனியாக இருக்கும் உங்களுக்கு மிகவும் உதவப்போவது அந்த முன்யோசனைப் பகுதிதான். காய்ச்சல் வந்தால் ரத்தக் கல்ச்சர் எடுங்கள், இன்ன ஆன்டிபயாடிக்கைத் தொடங்குங்கள் என்று பகலில் இருந்தவர் சொல்லியிருந்தால், இரவு இரண்டு மணிக்கு நீங்கள் முதலிலிருந்து யோசிக்க வேண்டியதில்லை. அவர் சொல்லவில்லை என்றால், அவர் கிளம்புவதற்கு முன் நீங்கள் கேளுங்கள்.

சுழற்சிகளுக்கு வருகிறேன். எளிதான துறைகளை நிரப்பும்படி உங்கள் சீனியர்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஓய்வும் உறக்கமும் தேவை, அதற்காகச் சில வாரங்கள் இருக்கத்தான் வேண்டும். ஆனால் எல்லா விருப்பச் சுழற்சிகளையும் அப்படி நிரப்புவதை நான் ஏற்கவில்லை. ரேடியாலஜி சுழற்சியை ஒரு முறை, நான்கு வாரம் மட்டும் எடுங்கள். முதலாண்டில் எடுக்கக்கூடிய ரேடியாலஜிக்கு உச்சவரம்பும் நிபந்தனைகளும் இருப்பதால், அதையும்கூட நீங்கள் சேரவிருக்கும் ரேடியாலஜித் திட்டத்திடம் கேட்டுவிட்டு எடுங்கள். அடுத்த நான்கு ஆண்டுகளும் நாள் முழுவதும் ஸ்கேன்களைத்தான் பார்க்கப்போகிறீர்கள். நோயாளியின் வயிற்றில் கை வைத்துப் பார்க்கும் வாய்ப்பு இந்த ஆண்டோடு பெரும்பாலும் முடிந்துவிடும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் கேட்பது பொது அறுவைச் சுழற்சி, இயன்றால் விபத்துக் காயப் பிரிவோடு சேர்த்து. ஒரே நோயாளியின் வயிற்று வலியை அவசர சிகிச்சைப் பிரிவில் பரிசோதித்து, சி.டி. ஸ்கேனுக்கு எழுதி, படத்தை ரேடியாலஜிஸ்டோடு அமர்ந்து பார்த்து, அறுவை அரங்கில் வயிற்றைத் திறந்து பார்க்கும் வரை உடன் போகலாம். குடல் அடைப்பு என்று அறிக்கையில் எழுதினால் அறுவை மருத்துவர் அடுத்து என்ன கேட்பார், அடைப்பு எந்த இடத்தில், ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கிறதா, காத்திருக்கலாமா என்ற கேள்விகள் அங்கே உங்கள் மனதில் பதியும். பிற்காலத்தில் நீங்கள் எழுதும் அறிக்கை அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதாக அமையும்.

அடுத்து, நரம்பியலில் பக்கவாதக் குழு. ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணிநேர எல்லை, தகுதியுள்ளவர்களுக்குக் கட்டியைக் குழாய் வழியாக அகற்ற 24 மணிநேரம் வரை வாய்ப்பு என்று எல்லாமே கடிகாரத்தைப் பார்த்து நடக்கும் இடம் அது. அங்கே ரேடியாலஜிஸ்டின் தொலைபேசி அழைப்புக்காகக் காத்து நின்றவருக்கு, பின்னாளில் அந்த அழைப்பை எவ்வளவு விரைவாகச் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு வாரம் அவசியம். குழாய்கள், கதீட்டர்கள், நுரையீரல் நிலை என்று தினமும் காலையில் நீங்களே மார்பு எக்ஸ்-ரேக்களைப் பார்ப்பீர்கள். புற்றுநோய் மருத்துவத்தில் இரண்டு வாரம் கிடைத்தாலும் எடுங்கள், அறுவை, மருந்து, கதிர்வீச்சு, நோய்க்குறியியல் நிபுணர்கள் ஒன்றாக அமரும் டியூமர் போர்டு கூட்டத்தில் ரேடியாலஜிஸ்ட் எப்படிப் பேசுகிறார் என்பதைக் கேட்பதற்காகவே. நோய்த்தணிப்புச் சிகிச்சையையும் பரிந்துரைக்கிறேன். ஸ்கேனில் நோய் பரவியிருப்பதை அறிந்த குடும்பத்தோடு எப்படிப் பேசுவது என்பதை வேறெங்கும் இவ்வளவு பொறுமையாகக் கற்றுத் தரமாட்டார்கள்.

வரிசையைப் பொறுத்தவரை, ஜூலையிலோ ஆகஸ்டிலோ பொது மருத்துவ வார்டைக் கேளுங்கள். எல்லா இன்டர்ன்களும் புதியவர்களாக இருப்பதால் அப்போது மேலுள்ளவர்களின் கண்காணிப்பு மிக நெருக்கமாக இருக்கும், கணினிப் பதிவு முறையும் விரைவில் கைவந்துவிடும். இரண்டு வார்டு மாதங்களுக்குப் பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு வரட்டும். கடினமான மூன்று சுழற்சிகள் அடுத்தடுத்து வராதபடி இடையில் ஒரு புறநோயாளர் சுழற்சியையோ விருப்பச் சுழற்சியையோ கேளுங்கள். கேட்டதெல்லாம் கிடைக்காது. ஆனால் ஒவ்வொன்றையும் ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு வரி காரணம் எழுதி அனுப்பினால், அட்டவணை போடுபவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முயல்வார்.

எந்தச் சுழற்சியில் இருந்தாலும் ஒரு பழக்கத்தைக் கடைப்பிடியுங்கள். ஸ்கேனுக்கு ஆணையிடும்போது காரணப் பகுதியில் வெறுமனே வயிற்று வலி என்று எழுதாமல், எத்தனை நாளாக, எந்த இடத்தில், காய்ச்சல் உண்டா, முன்பு அறுவை நடந்திருக்கிறதா, எதைச் சந்தேகிக்கிறீர்கள் என்று இரண்டு வரியில் எழுதுங்கள். அறிக்கை வருவதற்கு முன் படத்தை நீங்களே பார்த்து, என்ன தெரிகிறது என்று முடிவு செய்யுங்கள். பிறகு அறிக்கையோடு ஒப்பிட்டு, புரியாததைக் கேட்க ரேடியாலஜி அறைக்கு நேரில் போங்கள். உங்களுக்கென வைத்திருக்கும் குறிப்பேட்டிலோ கைபேசியிலோ நோயாளியின் பெயர், பதிவு எண், படம் எதையும் சேமிக்கக் கூடாது. உங்கள் பொறுப்பிலிருந்து போய்விட்ட நோயாளியின் பதிவைக் கற்பதற்காகத் திறக்கலாமா என்பதையும் மருத்துவமனையின் விதியைக் கேட்டுவிட்டே செய்யுங்கள், யார் எதைத் திறந்தார்கள் என்பது பதிவாகிக்கொண்டே இருக்கும்.

பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. ஸ்கேன் படம் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தியவுடன் ஒருவருக்கு மூச்சு இறுகி ரத்த அழுத்தம் விழுந்தால், முதலில் ஓடி வர வேண்டிய மருத்துவர் பெரும்பாலும் ரேடியாலஜி ரெசிடென்ட்தான். தொடைத் தசையில் 0.3 முதல் 0.5 மில்லிகிராம் அட்ரினலின் போடத் தயங்காத மனம் புத்தகத்திலிருந்து வருவதில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் வாரங்களில் அனாபிலாக்சிஸ் (உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை) நோயாளி வந்தால், அவரைப் பார்க்கும் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

ஸ்டெப் 3 இரண்டு நாள் தேர்வு. இரண்டாம் நாளில் பல்தேர்வு வினாக்களோடு, கணினியில் நோயாளியை நடத்திச் செல்லும் 13 நேர்வுகளும் இருக்கும். வார்டு, அவசர சிகிச்சைப் பிரிவு ஆகிய இரண்டையும் முடித்த பிறகு, நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் ஒரு புறநோயாளர் சுழற்சியின்போது எழுதுவது வசதியாக இருக்கும். ஜே-1 விசாவில் பயிற்சியைத் தொடங்க இது தேவையில்லை என்றாலும், ரேடியாலஜியில் இயற்பியல் பாடங்கள் தொடங்குவதற்கு முன் இதை முடித்துவிடுவது நல்லது.

கடைசியாக ஆவணங்கள். ஜே-1 விசா ஆதரவை, வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்குச் சான்றளிக்கும் ஈ.சி.எஃப்.எம்.ஜி. அமைப்பு ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும். மொத்தம் பொதுவாக ஏழு ஆண்டுகள் வரை என்பதால், இந்த ஓராண்டும் ரேடியாலஜியின் நான்கு ஆண்டுகளும் போக ஃபெலோஷிப் என்ற மேற்சிறப்புப் பயிற்சிக்கும் இடம் இருக்கிறது. நீங்கள் மாநிலம் மாறுவதால் இந்த மருத்துவமனைக்காகப் பெறும் பயிற்சி அனுமதி அடுத்த இடத்தில் செல்லாது, அங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். உங்களைப் பற்றிய இறுதி மதிப்பீடும் திறன் வளர்ச்சியைப் படிப்படியாக அளக்கும் மைல்ஸ்டோன் மதிப்பெண்களும் இங்கிருந்து ரேடியாலஜித் திட்டத்துக்குப் போகும். ஆகவே ஆறு மாத மதிப்பீட்டின்போது, அனுப்பவிருக்கும் விவரங்களைப் பயிற்சி இயக்குநரோடு அமர்ந்து பாருங்கள். புதிய மாநில அனுமதிக்கான வேலையை ஜனவரியிலேயே தொடங்கிவிடுங்கள், கல்லூரியிலிருந்தும் பல்கலைக்கழகத்திலிருந்தும் சான்றிதழ் வந்து சேர மாதக்கணக்கில் ஆகலாம். இந்தியாவிலிருந்து கிளம்பும் முன் மதிப்பெண் பட்டியல், சி.ஆர்.ஆர்.ஐ. நிறைவுச் சான்று, மருத்துவக் கவுன்சில் பதிவுச் சான்று ஆகியவற்றுக்குச் சான்றொப்பமிட்ட நகல்கள் இரண்டு தொகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி அலுவலகத்தில் உங்கள் விண்ணப்பங்களைக் கவனிக்க நம்பகமான ஒருவரையும் இப்போதே ஏற்பாடு செய்துவிடுங்கள்.